லைட்டுதான் மாமா

என் வீட்டு வாசலில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் ஒரு கட்டை கிடக்கிறது. பலாமரக் கட்டை. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் சரிவு. தடித்த பக்கத்தில் ஒரு துளை போட்டிருக்கும். அதில் இன்னமும் ஒரு முழம் கயிறு தொங்குகிறது. சரிவுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் டயரின் அச்சு கையில் தட்டுப்படும். மழையிலும் தண்ணீரிலும் கிடந்து கறுத்துவிட்டது, உளுக்கவில்லை. எங்கள் வாசல் சரிவான வாசல். கட்டை இல்லாவிட்டால் டிரம் சாயும். வருகிறவர்கள் டிரம்முக்கென்றே செதுக்கியது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அது மினி லாரியின் பின் சக்கரத்துக்குப் போடுகிற கட்டை. செதுக்கியவன் என் மைத்துனன், என் வீட்டுக்காரியின் தம்பி.

நான் வளப்பூர் நாட்டுக்காரன். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அப்புறம் ஸ்டியரிங்தான். அடிவாரத்து முதலாளி ஒருவரின் மினி லாரியை ஓட்டினேன். பலா, மிளகு, மரவள்ளி, அன்னாசி எதுவானாலும் மலையிலிருந்து இறக்கிக் கொடுப்பது என் வேலை. லோடு ஏற்ற, கயிறு கட்ட, வளைவில் கட்டை போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக என் மைத்துனன் வந்தான். தாய் இல்லாமல் அக்காள் கையில் வளர்ந்தவன். அவளுக்கு அவன் தம்பி இல்லை, முதல் பிள்ளை. கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோதே அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். "சாமி" என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் "ஏஞ்சாமி, உனக்கு அறிவிருக்குதா" என்றுதான் திட்டுவாள்.

அவன் வாயாடி. நான் நேர் எதிர். அடிவாரத்து முள்ளுக்குறிச்சி போய்த் திரும்புகிற வரைக்கும் அவன் பேசிக்கொண்டே வருவான், நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போவேன். எதிரில் வருகிற பஸ் டிரைவரிடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எங்க மாமா இன்னிக்கி ரெண்டு வார்த்த பேசிட்டாருங்க, மழ வருமாட்டம்" என்பான். டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். டிரைவரின் வாயைத் தம்பி வாடகைக்கு எடுத்திருக்கிறான் என்று கடைக்காரர் கேலி பேசுவார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. பேச வேண்டிய இடத்தில் எல்லாம் அவன் பேசினான். பேசாமல் இருப்பது எனக்குப் பழகிப் போனது. அது எங்கே கொண்டு போய் விடும் என்று அப்போது நினைக்கவில்லை.

மலை ஏறும்போது வளைவில் வண்டி நின்றுவிட்டால், கிளட்ச் பிடிப்பதற்குள் பின்னால் ஓடும். அந்த நேரத்தில் ஒருவன் குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வண்டி இல்லை, ஆளும் இல்லை. நான் "கட்ட" என்று வாயைத் திறப்பதற்குள் அவன் கீழே இருப்பான். கட்டையைப் போட்டுவிட்டு வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டால் நான் காலை எடுப்பேன். கண்ணாடியில் பார்க்க மாட்டேன். பார்க்கத் தேவைப்படவில்லை. வண்டி நகர்ந்ததும் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்து தொற்றிக்கொள்வான். அவன் கை தட்டுகிற சத்தத்தில்தான் என் குடும்பம் பிழைத்தது. இதை எழுதாமல் மற்றதை எழுதுவது நியாயம் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் இல்லை, மலையில் லோடு இறக்குகிற எல்லோருக்கும். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியாகிவிட்டால் டிரைவர் அதில் கை வைக்க மாட்டான். கட்டினவன்தான் சந்தையில் அவிழ்ப்பான். கட்டி முடித்ததும் டிரைவர் "எப்படி?" என்பான். ஏற்றினவன் "லைட்டு" என்பான், இல்லை "ஹெவி" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் எந்தக் கியரில் இறங்குவது, எந்த வளைவில் பிரேக்குக்கு ஓய்வு கொடுப்பது என்று டிரைவர் மனசுக்குள் கணக்குப் போடுவான். சொன்ன பிறகும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், ஏற்றினவனைத் திருடன் என்று சொன்னதற்குச் சமம். அப்படிப் பார்த்த டிரைவருக்கு மறுநாள் ஆள் கிடைக்காது. சமவெளியில் இருக்கிற கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகப் படும். எங்களுக்குப் படவில்லை. ஏற்றினவனும் அதே வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இறங்குகிறான். தன் உயிரையும் சேர்த்து வைத்துக்கொண்டு எவன் பொய் சொல்வான்?

லைட் என்கிற சொல் எனக்கு வந்தது லைசென்ஸோடு. என்னுடையது லைட் லைசென்ஸ். பஸ்ஸும் பெரிய லாரியும் ஓட்டுகிறவனுக்கு ஹெவி. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் இது ஒன்றை மட்டும் எனக்கு முழுசாகத் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். லைட்டுக்கு எதிர் ஹெவி. இறங்குகிறவனுக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. அப்போது என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தவள், "லைட்டுக்கு எதிர்ச்சொல் என்னுங்கப்பா?" என்றாள். நான் ஹெவி என்றேன். என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே, "டார்க்கு கண்ணு. சேலக் கடையில அப்படித்தான் கேக்கறாங்க, லைட்டு வேணுமா டார்க்கு வேணுமான்னு. உங்கப்பனுக்கு என்ன தெரியும்" என்றாள். வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த மைத்துனன் எழுந்து உள்ளே வந்துவிட்டான்.

"ரெண்டும் இல்ல கண்ணு. ஸ்ட்ராங்கு. டீக்கடையில போயி ஒரு லைட்டுன்னு சொல்லிப் பாரு, கழனித்தண்ணியாட்டம் ஒண்ணு குடுப்பான். அதுக்கு எதிரு ஸ்ட்ராங்குதான்."

"உனக்கு டீயத் தவிர வேற என்னடா நெனப்பு" என்றாள் அவன் அக்காள்.

"அப்ப வியாபாரி சொல்றது? தண்ணியில போட்டா மெதக்கற மொளகக் காட்டி, இது லைட்டு, எனக்கு வேண்டாங்கறானே? அதுக்கு எதிரு ஹெவியா, டார்க்கா? சொல்லுங்க மாமா."

பொக்கு மிளகுக்கு எதிர் மணியான மிளகு. அதை இங்கிலீஷில் சொல்ல எங்கள் நான்கு பேரில் யாருக்கும் தெரியவில்லை. சிரித்தோம். நானும் சிரித்தேன். மகள் மூன்றையும் எழுதிக்கொண்டு போனாள். கீழ்நாட்டிலிருந்து வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர், மூன்றுமே சரி என்றாராம். எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறோம் என்று பார்த்து, அதற்குத் தகுந்த எதிர்ச்சொல்லை எழுத வேண்டுமாம். ஒரே சொல்லுக்கு இத்தனை எதிரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டிக்கு ஒன்று, சேலைக்கு ஒன்று, டீக்கு ஒன்று. கேட்கிறவன் எதை மனசில் வைத்துக் கேட்கிறான், சொல்கிறவன் எதை வைத்துச் சொல்கிறான் என்பது ஒத்துப்போனால்தான் சொல் நிற்கும். எங்கள் வீட்டில் அப்போது எல்லாம் ஒத்துப்போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாயங்காலத்தை நான் நல்ல நாள் என்றே ஞாபகம் வைத்திருக்கிறேன். கெட்டதோடு சேர்த்து அதையும் எறிந்துவிட மனம் வரவில்லை.

அந்த வருஷம் மைத்துனனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. பக்கத்து நாட்டில் நல்ல குடும்பம். பெண்ணும் பொறுப்பானவள். என் வீட்டுக்காரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பலா பழுக்கிற காலம். எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு தோட்டம், அதன் வாசலில்தான் வண்டி நிற்கும். அந்தத் தோட்டத்துப் பலாவை இறக்க வேண்டும் என்று பேச்சு. முந்தின நாள் நான் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். அவனே ஆள் வைத்து ஏற்றிக் கட்டியும் விட்டான். விடிந்ததும் நான் என் வீட்டு வாசலில் நின்றேன். பனி இறங்கி எதிரில் இருக்கிற மரம் தெரியவில்லை. என் வீட்டுக்காரி அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் பால் பொங்கினால் இந்தப் பக்கம் கேட்கும். மைத்துனன் மேலேயிருந்து இறங்கி வந்தான். நான் வழக்கம்போல, "எப்படி?" என்றேன்.

"ஒரு வரிசப் பலாதாங்க. மேல வாழச் சருகு. லைட்டுதான் மாமா."

டீ வந்தது. குடித்தோம். வண்டிக்குப் போனபோது தார்ப்பாய் சக்கரத்தை மறைத்துத் தொங்குவதைப் பார்த்தேன். பனிக்காக இறக்கிக் கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். வண்டி எடுத்தபோது இழுவை சரியில்லை. "என்ன மாப்ள, இழுக்குது?" என்றேன். "ரோடு ஈரமுங்க மாமா" என்றான். அவன் அப்படிச் சொன்ன பிறகு நிறுத்தி, இறங்கி, கயிற்றை அவிழ்ப்பது என்பது என் மனசிலேயே வரவில்லை. மலையில் வேறு எந்த டிரைவருக்கும் வந்திருக்காது. இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் கடைவீதியில் நிறுத்தச் சொன்னான். கல்யாணச் சாமான் விஷயமாக ஒருத்தரைப் பார்க்க வேண்டும், பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன் என்றான். "பாத்துப் போங்க மாமா" என்றான். அத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

லைட்டுக்கு என்ன கியரோ அதில் இறங்கினேன். முதல் வளைவுகளில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் பிரேக் வாடை வந்தது. மிதித்தால் பிடித்தது, விட்டால் வண்டி முன்பைவிட வேகமாக ஓடியது. கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. பின்னாலிருந்து ஏதோ ஒன்று என் முதுகைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. ஒரு வரிசைப் பலா அப்படித் தள்ளாது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கால் பிரேக்கில் நின்றபோதே புரிந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. சீட்டுக்குக் கீழே கட்டை கிடந்தது. போட ஆள் இல்லாத கட்டை. அடுத்த வளைவில் ஒரு பக்கம் தடுப்புச் சுவர், அதற்கப்பால் ஒன்றும் இல்லை. மறுபக்கம் பாறை. பாறைப் பக்கம் திருப்பினேன்.

வண்டியின் முகப்பு உள்ளே வந்து என் வலது காலைப் பிடித்துக்கொண்டது. கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. பனிக்குள் பலாப்பழங்கள் ஒவ்வொன்றாக ரோட்டில் உருண்டு போகிற சத்தம் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் வேறு ஒரு சத்தம், மரம் மரத்தின் மேல் விழுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். பச்சை மரத் துண்டுகள். மிளகுக் கொடி ஏற்றுகிற சில்வர் ஓக் மரங்களை அனுமதி இல்லாமல் அறுத்து, அடியில் அடுக்கி, மேலே ஒரு வரிசைப் பலா வைத்து, அதற்கு மேல் சருகு போட்டு மூடியிருந்தான். டயர் அமுங்கினது தெரியக் கூடாது என்றுதான் தார்ப்பாயைச் சக்கரம் வரை தொங்கவிட்டிருந்தான். பச்சை மரம் என்ன கனம் கனக்கும் என்று ஏற்றினவனுக்குத் தெரியும். இறங்குகிற ரோடு எப்படி என்றும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் கடைவீதியில் இறங்கிக்கொண்டான். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் தான் வண்டியில் இருக்கக் கூடாது என்று நினைத்தானா, வண்டி தாங்காது என்று நினைத்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் என் கால் இப்படித்தான் இருந்திருக்கும்.

பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து முதலில் குதித்து ஓடி வந்தவன் அவன்தான். "மாமா, மாமா" என்று அழுதான். தகரத்தைக் கையாலேயே வளைத்தான், கையெல்லாம் ரத்தம். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். ஆஸ்பத்திரியில் எனக்குக் கஞ்சி ஊட்டிவிட்டான். டாக்டர் வந்து, "வலி லைட்டா இருக்கா, அதிகமா இருக்கா?" என்று கேட்டார். லைட்டுதான் என்றேன். பக்கத்தில் நின்ற மைத்துனன் அந்த வார்த்தையைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஊர் கூடி விசாரிக்கும்போது உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன். நானாக அவனிடம் எதையும் கேட்கவில்லை.

கட்டுப் போட்ட காலோடு என்னைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் முன்னால் வைத்தார்கள். ஊர்க்கவுண்டர் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் வந்து ஓரமாக நின்றிருந்தார்கள். கேள்வி ஒன்றுதான். அடியில் மரம் இருப்பதும் பாரம் அதிகம் என்பதும் டிரைவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் ஏற்றினவன் குற்றவாளி. அவனை ஊர் ஒதுக்கும், கல்யாணம் நிற்கும். தெரியும் என்றால் தெரிந்தே இறங்கிய டிரைவர் குற்றவாளி. அவனை நம்பி மலையில் இனி யாரும் வண்டி கொடுக்க மாட்டார்கள். கால் போனாலும் பேர் இருந்தால் ஒரு டிரைவர் பிழைத்துக்கொள்ளலாம். ஷெட்டில் உட்கார்ந்து நாலு பையன்களுக்கு வேலை சொல்லலாம். பேர் போனால் அதுவும் இல்லை.

மைத்துனன் கும்பிட்டுவிட்டுப் பேசினான். அழகாகப் பேசினான். "தோட்டத்துக்காரர் சொன்னாருங்க, ஏத்துனேன். தப்புதானுங்க. ஆனா மாமாகிட்ட மறைக்கலீங்க. ஹெவிங்க மாமா, பாத்து எறக்குங்கன்னுதான் சொன்னேன். மாமாவுக்கு அவரு கை மேல ஒரு நம்பிக்கை. நானு என்னுங்க பண்றது?" என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை. கவுண்டர் என்னைக் கேட்டார்.

"லைட்டுன்னான்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

கூட்டத்தில் டீக்கடைக்காரர், "வாய வாடகைக்கு உட்டவன் இப்ப எதுல பேசுவான்? பனிக்கி வண்டி லைட்டப் போடச் சொல்லியிருப்பானுங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. கெட்ட மனுஷர் இல்லை, வேடிக்கைக்குச் சொன்னார். சிரிப்பு அடங்கினபோது என் பேச்சுக்கு இருந்த கொஞ்ச கனமும் போயிருந்தது.

கவுண்டர் என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "நீ ஊட்டுல இருந்தியே அம்மிணி. தட்டிக்கி அந்தப்பக்கம்தான அடுப்பு. உந்தம்பி என்ன சொன்னான்?"

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்தாள். ஓரத்தில் நின்ற பெண் வீட்டாரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நானு அடுப்படியில இருந்தனுங்க. காதுல உழுவலீங்க" என்றாள்.

அதோடு முடிந்தது. பாரம் தெரிந்தேதான் இறங்கினேன் என்று ஊர் தீர்த்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளும் ஊர் சொன்னதையே எழுதிக்கொண்டு போனார்கள். மறுமாதம் மைத்துனனுக்குக் கல்யாணம் நடந்தது. நான் கட்டிலில் கிடந்தேன். மேளச் சத்தம் கேட்டது.

முதலாளியின் ஆட்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது சீட்டுக்கு அடியில் இருந்ததை எல்லாம் எடுத்து என் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு ஸ்பேனர், ஒரு பழைய துண்டு, இந்தக் கட்டை. அடுப்பில் வைக்கலாம் என்றாள் என் வீட்டுக்காரி. நான் டிரம்முக்கு அடியில் தள்ளினேன்.

அதற்கப்புறம் நான் வண்டி ஓட்டவில்லை. இருக்கிற நிலத்தில் மிளகும் மரவள்ளியும் போட்டேன். கால் இழுத்து இழுத்து நடப்பேன், கொடி கட்டுவேன். என் வீட்டுக்காரி எனக்குக் குறை வைத்தாள் என்று சொல்ல முடியாது. புண்ணைக் கழுவினாள், கட்டு மாற்றினாள், நான் செய்ய முடியாத வேலையைச் சேர்த்துச் செய்தாள். மகளைப் படிக்க வைத்தாள். மகள் இப்போது கீழ்நாட்டில் வேலையில் இருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரியும் சண்டை போட்டதில்லை. அந்த நாளைப் பற்றிப் பேசினதும் இல்லை. காலையில் டீ வைக்கும்போது, "ஏனுங்க, லைட்டாவா, ஸ்ட்ராங்காவா?" என்று கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்பதுதான். அதற்கப்புறம் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பலாப்பழம் உருளுகிற சத்தம் கேட்டது. ஸ்ட்ராங்கு என்பேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நான் முணுமுணுத்தாலும் அவளுக்குக் கேட்டுவிடும். எனக்கு டீ சரியாகத்தான் வரும்.

அவன் சொன்ன லைட்டுக்கு எதிர்ச்சொல் என்ன என்று கொடி கட்டும்போது யோசிப்பேன். ஹெவி இல்லை. லோடு ஹெவி என்பது வண்டிக்குத்தான். அந்த டீச்சர் சொன்ன மாதிரி, எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். அவன் என்னைப் பற்றி அல்லவா சொன்னான்? நான் போனால் போகட்டும் என்கிற அளவுக்குத்தான் நான் அவனுக்குக் கனத்தேன். அவளுக்கும் தராசில் ஒரு பக்கம் நான் இருந்தேன், மறுபக்கம் அவன் இருந்தான். அது எந்தப் பக்கம் இறங்கியது என்று ஊர் முன்னால் பார்த்தேன். அவன் செய்தது எனக்கு ஆறிவிட்டது என்றே சொல்லலாம். அவன் கல்யாணமாகிப் போய்விட்ட வெளி ஆள். அவள் சொல்லாமல் விட்டது வீட்டுக்குள் இருந்தது. தினமும் எனக்குச் சோறு போட்டது.

போன மாதம் மைத்துனன் வந்தான். அவன் மகள் பெரியவளாகியிருக்கிறாள், சீருக்கு மாமா முன்னால் நிற்க வேண்டும் என்று அழைக்க வந்தான். இப்போது அவனுக்குச் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி இருக்கிறது, அவனே ஓட்டுகிறான். லோடோடு வந்தவன் எங்கள் சரிவு வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான். உடம்பு கனத்துவிட்டது, முடி நரைத்துவிட்டது. "என்னுங்க மாமா, நல்லாருக்கீங்களா? இன்னிக்கி ஒரு வார்த்தயாவது பேசுவீங்களா?" என்றான். பழைய வாய். நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் கண் பின் சக்கரத்துக்குப் போனது. சரிவில் நிற்கிற வண்டியைச் சும்மா விட எனக்கு இப்போதும் முடியாது. டிரம்மைச் சாய்த்துக் கட்டையை உருவினேன். தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. போய்ச் சக்கரத்துக்குப் போட்டேன். வண்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினேன், கை தானாகத் தட்டிவிட்டது. மைத்துனன் கிட்டே வந்து குனிந்தான். கட்டையைப் பார்த்தான். அவன் செதுக்கினது அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

என் வீட்டுக்காரி உள்ளே டீ வைக்கப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருந்தது. பேச்சுக்கு ஏதாவது வேண்டும் போல இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கேள்வி என் வாயில் வந்தது.

"எப்படி?"

அவன் சிரித்தான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "பலாதாங்க. ஒரே வரிச. லைட்டுதான் மாமா."

உள்ளே டீ ஆற்றுகிற சத்தம் நின்றது.

அவள் வாசலுக்கு வந்தாள். கையில் டம்ளர் இல்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் எனக்குப் பழகின முகமாக இல்லை. "நெசமாவா, சாமி?" என்றாள்.

"என்னக்கா?"

"லைட்டுதான்னியே. நெசமாவான்னு கேக்கறேன். கயித்த அவுத்துக் காட்டிப்போட்டுப் போ."

"என்னக்கா, செக்போஸ்ட்டுக்காரனாட்டம்" என்று சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அங்கேயே நின்றாள். மலையில் யாரும் யாரையும் கேட்காத ஒன்றைத் தம்பியிடம் கேட்டுவிட்டு நின்றாள். அவன் என்னைப் பார்த்தான். போய் முடிச்சை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினான். ஒரே வரிசைப் பலா. அடியில் பலகை தெரிந்தது. இந்தத் தடவை அவன் சொன்னது உண்மைதான்.

அவன் டீ குடிக்கவில்லை. வெற்றிலை பாக்குத் தட்டை அக்காள் கையில் கொடுத்துவிட்டு வண்டி ஏறினான். நான் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்தேன். வண்டி இறங்கி வளைவில் மறைகிற வரை இரண்டு பேரும் நின்றோம்.

தட்டி அதே தட்டி. அடுப்பு அதே இடம். வயசாகிவிட்டது என்பதைத் தவிர அவள் காதும் அதே காது.

"அப்பவும் கேட்டுச்சில்ல?" என்றேன்.

கேட்டது என்று அவள் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் இந்தத் தடவை சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். சாய்ந்து நின்ற டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் தூக்கினாள். பாதித் தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தது, நல்ல கனம். விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவசரப்படவில்லை. காலை இழுத்துக்கொண்டு போய், குனிந்து, கட்டையின் சரிவுப் பக்கத்தைத் திருப்பி, அடியில் தள்ளினேன்.